மரத்துக்குள் பிசினும் சாயமும்: அழைப்பு ஊதல் செய்வோரின் கேள்விகளுக்குப் பதில்கள்

வாத்து, வான்கோழி முதலியவற்றின் குரலை எழுப்பும் அழைப்பு ஊதல்களைக் கையால் கடைந்து செய்யும் வாசகர்கள் பலர், அவற்றுக்கான மரக்கட்டைகளைப் பிசினூட்டி உறுதிப்படுத்துவது பற்றியும் சாயமேற்றுவது பற்றியும் கேட்டிருக்கிறார்கள். உலர்ந்த கட்டையைத் திரவப் பிசினில் அமிழ்த்தி, வெற்றிடக் கலனில் அதன் உள்காற்றை வெளியேற்றி, பிசின் ஊறிய பிறகு ஓவனில் இறுகச் செய்வதுதான் இந்த வேலை. ஸ்டெபிலைசிங் என்று கைவினைஞர்கள் சொல்லும் இதைப் பற்றிய கேள்விகளை மட்டும் இம்முறை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: நன்றாக உலர்ந்த மரத்தில் ஊதலைக் கடைந்து எண்ணெய் பூசினால் போதாதா? பிசின் ஏற்றியே ஆக வேண்டுமா?

பதில்: வைரம் பாய்ந்த கனமான மரமாக இருந்தால் எண்ணெயோ வார்னிஷோ போதும், அப்படிச் செய்யப்பட்ட ஊதல்கள் பல தலைமுறைகளாக உழைத்திருக்கின்றன. ஆனால் வாத்து ஊதலுக்கு மற்ற மரச் சாமான்களுக்கு இல்லாத ஒரு தொல்லை உண்டு. அது இரண்டு துண்டுகளால் ஆனது. வாய் வைத்து ஊதும் குழல் ஒன்று. அதன் மறுமுனையில் இறுக்கமாகச் செருகப்பட்டு, ரீடு எனப்படும் நாக்குத் தகட்டையும் அது அதிர்வதற்கான டோன் போர்டையும் தாங்கும் செருகு பகுதி மற்றொன்று. மூச்சின் ஈரம் இவ்விரண்டும் சேரும் இடத்தில்தான் அதிகம் தங்குகிறது. மரம் இழையின் நீளவாக்கில் ஏறக்குறைய அசைவதே இல்லை; குறுக்குவாக்கில்தான் உப்புகிறது. அதிலும் ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் ஏற்படும் உப்பல், மையத்திலிருந்து வெளிநோக்கிச் செல்லும் திசையில் ஏற்படுவதைப் போல ஏறத்தாழ இரு மடங்காக இருக்கிறது. ஆகவே வட்டமாகத் துளைத்த துளை ஈரத்தில் நீள்வட்டமாகிறது. செருகு பகுதி சிக்கிக்கொள்கிறது, அல்லது குழல் இழையோடு பிளக்கிறது. 1904-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்துப் பீக்கின் நகரில் தொழில் தொடங்கிய பி. எஸ். ஓல்ட் நிறுவனத்தின் டி-2 ஊதல் கடின ரப்பரால் ஆனது என்பதை இங்கே நினைவுகூரலாம்; அந்தப் பொருள் ஈரத்துக்கு அசைவதில்லை.

பிசினூட்டல் மரத்துக்கு இரண்டு நன்மைகளைச் செய்கிறது. மென்மையான, உளுத்துப்போன, ஆனால் பார்க்க மிக அழகான கட்டைகளைக் கடையக்கூடிய உறுதிக்குக் கொண்டுவருவது முதலாவது. ஈரம் உள்ளே செல்லும் வேகத்தைக் குறைப்பது இரண்டாவது. இந்த இரண்டாவதைப் பற்றி மிகையான நம்பிக்கை பரவியிருப்பதால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நாம் பயன்படுத்தும் மெதக்ரிலேட்டு வகைப் பிசின்கள் மர உயிரணுக்களின் உட்குழிவுகளை நிரப்புகின்றனவே தவிர, உயிரணுச் சுவருக்குள் அதிகம் நுழைவதில்லை. ஈரத்தை ஈர்த்து உப்புவதோ அந்தச் சுவர்தான். எனவே பிசினூட்டிய மரமும் நாள்கணக்கில் தண்ணீரில் கிடந்தால் கொஞ்சம் உப்பும். ஆனால் ஒரு நாள் முழுவதும் ஊதுவதால் சேரும் ஈரம் அதை அசைப்பது அரிது. ஊதலுக்கு அது போதும்.

கேள்வி: என் கட்டைகள் பட்டறையில் இரண்டு ஆண்டுகளாகக் காய்கின்றன. அவற்றை ஓவனில் வேறு உலர்த்த வேண்டுமா?

பதில்: கட்டாயம் உலர்த்த வேண்டும். இந்த வேலையில் தவறுபவற்றில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் தவறுகின்றன. ஒரு குழிவில் ஏற்கெனவே வேறொன்று இருந்தால் அங்கே பிசின் போக முடியாது. இந்தப் பக்கங்களில் நான் சொல்லப்போகும் அத்தனையும் இந்த ஒரு விதியிலிருந்தே பிறக்கின்றன.

காற்றில் உலர்ந்த மரத்தில், எத்தனை ஆண்டுகள் கிடந்தாலும், சுற்றுக் காற்றின் ஈரப்பதத்துக்கு ஏற்ப நூற்றுக்கு 8 முதல் 15 பங்கு வரை நீர் தங்கியிருக்கும். மேசை செய்வதற்கு அது உலர்ந்த மரம். பிசினூட்டலுக்கு அது ஈர மரம். ஓவனில் 105 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்து, சில மணி நேரத்துக்கு ஒரு முறை தராசில் நிறுத்து, அடுத்தடுத்த இரண்டு நிறுவைகளும் ஒன்றாக வரும் வரை உலர்த்துங்கள். ஊதலுக்கு வேண்டிய 4 சென்டிமீட்டர் தடிமனுள்ள கட்டைக்கு ஒரு முழு நாளாவது பிடிக்கும். கடிகாரத்தை நம்ப வேண்டாம், தராசை நம்புங்கள். ஓவனின் திருகில் எழுதியிருக்கும் வெப்பநிலையும் பல நேரங்களில் உண்மையாக இருப்பதில்லை. தனி வெப்பமானி ஒன்றை உள்ளே வைத்துக்கொள்வது நல்லது.

பச்சை மரத்தை நேரே இந்தச் சூட்டில் வைத்தால் வெடிக்கும். முதலில் காற்றில் உலர்ந்திருக்க வேண்டும். ஓவன் கடைசிக் கட்டத்துக்கு மட்டுமே. கடைகளில் வாங்கும் கட்டைகளின் முனைகளில் மெழுகு பூசியிருந்தால் அந்த முனைகளை அறுத்தெடுத்துவிடுங்கள். பிசின் பெரும்பாலும் முனை இழை வழியாகத்தான் நுழைகிறது. மெழுகு அந்த வாசலையே அடைத்துவிடும். அதோடு, ஓவனில் உருகிக் கட்டைக்குள் ஊறவும் செய்யும்.

உலர்ந்த கட்டையை வெளியே எடுத்ததும் சூடு ஆறுவதற்குள் காற்றுப் புகாத பையிலோ டப்பாவிலோ போட்டு மூட வேண்டும். திறந்து வைத்தால் அது உடனே காற்றிலுள்ள ஈரத்தை வாங்கத் தொடங்கும். ஆனால் சூட்டோடு பிசினில் போட்டுவிடக் கூடாது. கட்டையின் சூடே பிசினை இறுகச் செய்யத் தொடங்கிவிடும். உள்ளும் புறமும் 30 டிகிரிக்குக் கீழே இறங்கிய பிறகே பிசினில் இறக்குங்கள்.

கேள்வி: வெற்றிடக் கலனில் வைத்து மணிக்கணக்காகப் பம்பை ஓட்டியும் குமிழ்கள் நிற்கவே இல்லை. கலனில் கசிவா?

பதில்: கசிவாகவும் இருக்கலாம். பிசினும் கட்டையும் இல்லாமல் கலனை மட்டும் வெற்றிடமாக்கி, வால்வை மூடி, அளவியின் முள் இறங்குகிறதா என்று பாருங்கள். முள் அசையாமல் நின்றால் குற்றம் கலனில் இல்லை, கட்டையில்தான்.

25 டிகிரி வெப்பத்தில் நீரின் ஆவியழுத்தம் ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் பாதரசம். கடல் மட்டத்தில் முழுக் காற்றழுத்தம் 760. அதாவது உங்கள் வெற்றிட அளவி 736-ஐத் தாண்டும்போது கட்டைக்குள் இருக்கும் நீர் அந்த அறை வெப்பத்திலேயே கொதிக்கத் தொடங்குகிறது. நீங்கள் காண்பது காற்றுக் குமிழ்கள் அல்ல, நீராவி. மரத்திலுள்ள நீர் தீரும் வரை அது வந்துகொண்டே இருக்கும். வரும் ஆவி பம்பின் எண்ணெயில் கலந்து அதைப் பால்போல் வெளுக்கச் செய்து பம்பையும் கெடுக்கும். கட்டையை வெளியே எடுத்து, மீண்டும் உலர்த்துவதைத் தவிர வேறு வழியில்லை.

மலைப்பகுதிகளில் வாழ்வோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 1000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தமே ஏறத்தாழ 674 மில்லிமீட்டர்தான். அங்கே எவ்வளவு நல்ல பம்பும் அதற்கு மேல் காட்டாது. அதைப் பம்பின் குறை என்று எண்ணிப் புதிய பம்பு வாங்க வேண்டாம்.

கேள்வி: குமிழ்கள் முற்றிலும் நின்ற பிறகுதான் கட்டையை எடுத்து ஓவனில் வைத்தேன். கடைந்து பார்த்தால் ஓரத்தில் மட்டும் சாயம் இருக்கிறது. நடுவில் வெறும் மரம். ஏன்?

பதில்: வெற்றிடம் பிசினை மரத்துக்குள் இழுக்கிறது என்ற எண்ணமே இதற்குக் காரணம். வெற்றிடம் மரத்திலிருந்து காற்றை வெளியேற்றுகிறது, அவ்வளவுதான். பம்பு ஓடும் நேரத்தில் பிசின் உள்ளே செல்வது மிகக் குறைவு. குமிழ்கள் நின்று, பம்பை நிறுத்தி, வால்வைத் திறந்து காற்றை உள்ளே விடும்போதுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. அப்போது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோகிராம் என்ற கணக்கில் வளிமண்டலம் பிசினின் மேற்பரப்பை அழுத்தி, காற்றில்லாத குழிவுகளுக்குள் அதைத் தள்ளுகிறது. நீங்கள் அந்த நேரத்தில் கட்டையை வெளியே எடுத்துவிட்டீர்கள்.

உயிரணுக்களுக்கு இடையிலுள்ள வழிகள் மிக நுண்ணியவை. அழுத்தம் இருந்தாலும் திரவம் மெதுவாகத்தான் நகரும். வெற்றிடத்தில் எவ்வளவு நேரம் இருந்ததோ அதைப் போல இரு மடங்கு நேரமாவது பிசினில் மூழ்கிக் கிடக்கட்டும். அடர்ந்த மரமானால் ஓர் இரவு முழுவதும் விடுவதில் நட்டமில்லை. இந்தக் காத்திருப்பில் கட்டைகள் பிசினைக் குடிக்கக் குடிக்கப் பிசினின் மட்டம் இறங்கும். கட்டையின் தலை வெளியே தெரிந்துவிட்டால் அந்த வழியாகப் பிசினுக்குப் பதிலாகக் காற்று நுழைந்துவிடும். எனவே தொடங்கும்போதே கட்டைக்கு மேல் நான்கைந்து சென்டிமீட்டர் பிசின் நிற்கும்படி ஊற்றி, கட்டை மிதக்காதபடி எடை வைத்து அமிழ்த்துங்கள். பம்பைப் போட்டவுடன் நுரை பொங்கும். வால்வைச் சிறிது திறந்து வைத்து வெற்றிடத்தை மெல்ல மெல்லக் கூட்டினால் அது பம்புக்குள் ஏறாது.

ஊதல் செய்வோருக்கு மட்டும் கிடைக்கும் ஒரு வசதி உண்டு. குழலின் நடுவே எப்படியும் துளையிடத்தான் போகிறோம். கடைசித் துளை 16 மில்லிமீட்டர் என்றால், உலர்த்துவதற்கு முன்பே நடுவில் 10 மில்லிமீட்டர் துளையொன்றைப் போட்டுவிடுங்கள். ஈரம் வெளியேறவும் பிசின் நுழையவும் உள்ளிருந்தும் ஒரு வழி கிடைக்கிறது. கட்டை வெடிக்கும் வாய்ப்பும் குறைகிறது. இறுதித் துளையை மட்டும் பிசின் முற்றிலும் இறுகிய பிறகே போட வேண்டும்.

கேள்வி: எந்த மரங்கள் பிசினை நன்றாக ஏற்கும்? கருங்காலி, ஈட்டி, தேக்கு ஆகியவற்றுக்கு ஏற்றலாமா? போதிய அளவு ஏறியிருக்கிறதா என்று எப்படி அறிவது?

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் மற்றவற்றுக்கும் அதிலேயே விடை இருக்கிறது. எந்த மரமானாலும் அதன் உயிரணுச் சுவரின் அடர்த்தி ஏறத்தாழ ஒன்றுதான்: கன சென்டிமீட்டருக்கு 1.5 கிராம். மரத்துக்கு மரம் எடை வேறுபடுவது சுவர்களுக்கு இடையிலுள்ள காலி இடத்தால்தான். எனவே உலர்ந்த கட்டையின் அடர்த்தியை 1.5-ஆல் வகுத்து, அதை ஒன்றிலிருந்து கழித்தால், அதனுள் எவ்வளவு காலி இடம் உண்டு என்பது தெரிந்துவிடும்.

38 மில்லிமீட்டர் சதுரமும் 100 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட கட்டையின் கனஅளவு 144 கன சென்டிமீட்டர். 0.65 அடர்த்தியுள்ள மேப்பிள் மரமானால் அது 94 கிராம் நிற்கும். உள்ளே 82 கன சென்டிமீட்டர் காலி இடம் இருக்கும். பிசினின் அடர்த்தி நீரின் அடர்த்திக்கு அருகில் இருப்பதால், அதிகபட்சமாக 82 கிராம் ஏறலாம். அதாவது நூற்றுக்கு 87 பங்கு எடை கூடலாம். 0.45 அடர்த்தியுள்ள பாக்ஸ் எல்டர் கட்டை 65 கிராம்தான் இருக்கும். ஆனால் 101 கிராம் வரை பிசினைக் குடிக்கும் இடம் அதற்குள் உண்டு. கருங்காலியின் அடர்த்தியை 1.1 என்று கொண்டால் கட்டை 158 கிராம். காலி இடமோ 38 கன சென்டிமீட்டர்தான், அதையும் பிசின் சென்று சேர முடிவதில்லை. இந்தக் கணக்குகள் எல்லை மட்டுமே. நடைமுறையில் எந்தக் கட்டையும் முழுமையாக நிரம்பாது. ஆனால் மேப்பிள் கட்டையில் நூற்றுக்கு 15 பங்குதான் கூடியிருக்கிறது என்றால் நடுப்பகுதி வறண்டிருக்கிறது என்று தயங்காமல் முடிவு செய்யலாம். உலர்ந்த எடை, ஊறிய எடை, இறுகிய எடை ஆகிய மூன்றையும் ஒவ்வொரு கட்டைக்கும் குறித்து வைக்கும்படி வற்புறுத்திச் சொல்வேன்.

கருங்காலிக்குப் பிசின் தேவையில்லை. அது தானாகவே கனமும் உறுதியும் உள்ள மரம். ஈட்டி, கோகோபோலோ போன்ற டால்பெர்ஜியா இனத்து மரங்களிலும் தேக்கிலும் சிக்கல் வேறு. அவற்றின் எண்ணெய்ப் பசைப்பும் கினோன் வகைப் பொருள்களும் மெதக்ரிலேட்டுப் பிசின் இறுகுவதையே தடுக்கின்றன. உள்ளே சென்ற கொஞ்சப் பிசினும் பிசுபிசுப்பாக நின்றுவிடும். அந்த எண்ணெய் கலந்து கலனிலுள்ள மீதிப் பிசினும் கெடும். இவற்றை அப்படியே கடைந்துகொள்ளுங்கள்.

அடர்த்தி ஒன்றாக இருந்தும் ஏற்பதில் வேறுபடும் மரங்கள் உண்டு. சிவப்பு ஓக்கின் துண்டு ஒன்றின் ஒரு முனையில் ஊதினால் மறு முனையில் காற்று வெளிவரும். வெள்ளை ஓக்கில் வராது. வெள்ளை ஓக்கின் குழாய்களைத் தைலோஸ் எனப்படும் நுரைபோன்ற அடைப்புகள் மூடியிருக்கின்றன. நீர்மங்களைச் சேமிக்கும் பீப்பாய்களுக்கு அந்த மரத்தைத் தேர்வதும் இதனால்தான். பொதுவாக மரத்தின் வெளிப்புறப் பகுதியான வெளிறு நன்றாகக் குடிக்கும், நடுப்பகுதியான வைரம் தயங்கும். ஊதல்களுக்கு மிகச் சிறந்தவை என்று நான் கருதுபவை, பூஞ்சை படர்ந்து கருங்கோடுகள் ஓடிய மேப்பிளும், மரத்தில் புடைத்து வளரும் கழலைகளிலிருந்து அறுத்த பாக்ஸ் எல்டர், பக்ஐ (buckeye) ஆகிய மரங்களின் கட்டைகளும்தான். பிசின் இல்லாமல் இவற்றைக் கடையவே முடியாது. பிசினுக்குப் பின் இவற்றின் அழகுக்கு ஈடு இல்லை.

கேள்வி: எபாக்சியையோ கடையில் கிடைக்கும் மரக்கெட்டிப்பான் திரவத்தையோ பயன்படுத்தலாமா?

பதில்: வேண்டாம். எபாக்சி பாகுபோல் மிகத் தடித்தது; அது உள்ளே நகர்வதற்குள் இறுகத் தொடங்கிவிடும். மரக்கெட்டிப்பானில் பெரும்பகுதி கரைப்பான். அது ஆவியானபின் அது பிடித்திருந்த இடம் மீண்டும் காலியாகிவிடும்.

பாலி எத்திலீன் கிளைக்காலைப் பற்றியும் சிலர் கேட்டிருக்கிறார்கள். 1628-இல் மூழ்கி 1961-இல் மீட்கப்பட்ட வாசா என்ற சுவீடன் நாட்டுப் போர்க்கப்பலின் மரத்தின்மேல் 1962 முதல் 1979 வரை அதைத்தான் தெளித்தார்கள். அது ஈர மரத்தின் உயிரணுச் சுவருக்குள் நீரின் இடத்தைப் பிடித்துக்கொண்டு சுருங்காமல் காக்கிறது. ஆனால் அது மரத்துக்கு வலுவைத் தருவதில்லை. ஈரத்தை ஈர்க்கும் இயல்பும் உடையது. வாயில் வைத்து ஊதும் பொருளுக்கு அது பொருந்தாது.

கேள்வி: சாயத்தைப் பிசினில் கலந்தும் நிறம் உள்ளே செல்வதில்லை, சில வேளை நான் நினைத்த நிறம் வருவதும் இல்லை. இரண்டு நிறங்களை ஒரே கட்டையில் கொண்டுவருவது எப்படி?

பதில்: முதலில், நீங்கள் கலந்தது சாயமா, நிறமியா என்று பாருங்கள். நிறமி என்பது திரவத்தில் கரையாமல் மிதக்கும் நுண்துகள். மர உயிரணுக்களை இணைக்கும் துளைகளின் சவ்வு அதை வடிகட்டி வெளியிலேயே நிறுத்திவிடும். பிசின் மட்டும் நிறமில்லாமல் உள்ளே செல்லும். மினுமினுப்புப் பொடிகளுக்கும் இதே கதி. பிசினில் முற்றிலும் கரையும் சாயமே வேண்டும். நீரில் கரைத்து விற்கும் சாயத்தைத் தொடவே கூடாது. இவ்வளவு பாடுபட்டு வெளியேற்றிய நீரை நாமே மீண்டும் ஊற்றுவது அது. சில சாயங்கள் பிசின் இறுகுவதையும் தடுக்கும் என்பதால், புதிய சாயத்தைச் சிறிதளவு பிசினில் கலந்து, அதை ஒரு மரச்சில்லில் ஊறவைத்து, ஓவனில் இறுகுகிறதா என்று பார்த்த பிறகே பெரிய அளவில் கலக்க வேண்டும்.

நினைத்த நிறம் வராததற்குக் காரணம் மரத்தின் சொந்த நிறம். மரம் வெள்ளைத் தாள் அல்ல. மஞ்சளோடிய மரத்தில் நீலம் பச்சையாகிறது. பழுப்பு மரத்தில் சிவப்பு செங்கல் நிறமாகிறது. தூய நீலமோ ஊதாவோ வேண்டுமென்றால் மேப்பிளின் வெளிறு போன்ற வெளுத்த மரத்தைத் தேர்ந்தெடுங்கள். மரத்தை வெளுக்க வைத்துச் சாயமேற்றுவோரும் உண்டு. வெளுப்பான் மேற்பரப்பில்தான் வேலை செய்யும் என்பதால் நாளை கடைந்தெறியப் போகும் பகுதிக்கு அந்த உழைப்பு வீண். சாயத்தின் அளவிலும் கவனம் வேண்டும். குடுவையில் கறுப்பாகத் தெரியும் பிசின் மரத்துக்குள் மெல்லிய நிறமாகவே தெரியும். எனவே நிறைய கலக்கத்தான் வேண்டும். ஆனால் மரத்தின் இழையோட்டமும் கோடுகளும் மறையும் அளவுக்குக் கலப்பதை நான் விரும்புவதில்லை. அப்படிச் செய்தால் அது மரமா, அக்ரிலிக்கா என்று கையிலெடுப்பவருக்குத் தெரியாமல் போகும்.

இரண்டு நிறங்களுக்கு மீண்டும் காலி இடத்தின் விதியையே துணைக்கொள்ள வேண்டும். கழலைக் கட்டையில் மென்மையான பகுதியும் கெட்டியான பகுதியும் கலந்திருக்கும். முதல் நிறத்தில் கட்டையை முழு வெற்றிடம் இல்லாமல், குறைந்த வெற்றிடத்தில் சிறிது நேரம் மட்டும் வைத்து எடுங்கள். மிக எளிதில் குடிக்கும் உளுத்த பகுதிகள் மட்டும் அந்த நிறத்தைப் பிடித்துக்கொள்ளும். அதை ஓவனில் முழுமையாக இறுகச் செய்து, மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் பிசினைத் தேய்த்தெடுத்துவிட்டு, இரண்டாம் நிறத்தில் முழு வெற்றிடத்தோடு வைத்து, நீண்ட நேரம் ஊற விடுங்கள். முதல் பிசின் நிரம்பிய குழிவுகளில் இரண்டாவதற்கு இடமில்லை. அது எஞ்சிய பகுதிகளைத் தேடிச் செல்லும். முதல் நிறத்தை இறுகச் செய்யாமல் இரண்டாவதில் போட்டால் இரண்டும் கலந்து கலங்கல் நிறம்தான் மிஞ்சும். எல்லைக் கோடுகளில் இரு நிறங்களும் ஓரளவு மேற்படியும் என்பதையும் முன்கூட்டியே எண்ணிப் பாருங்கள். நீலமும் மஞ்சளும் சந்தித்தால் பச்சை அழகாக இருக்கும். சிவப்பும் பச்சையும் சந்தித்தால் சேற்று நிறம்.

ஒன்றுபோலச் சாயமேறிய கட்டையை விட, ஏறியும் ஏறாமலும் மரம் தானே தேர்ந்தெடுத்துக்கொண்ட நிறத்தோடு வரும் கட்டையே எனக்கு உயர்ந்ததாகத் தோன்றுகிறது. சாயம் குறைந்த இடங்களைப் பிழையென்று ஒதுக்காமல், கடையும்போது அவை குழலின் எந்தப் பக்கத்தில் வர வேண்டும் என்று திட்டமிடுங்கள்.

கேள்வி: ஓவனில் வைத்ததும் பிசின் வழிந்து ஓடுகிறது. ஏறியதெல்லாம் வெளியே வந்துவிடுகிறதா?

பதில்: ஓரளவு வழிவது இயல்பு. சூடேறும்போது உள்ளே எஞ்சிய காற்று விரிந்து பிசினை வெளியே தள்ளுகிறது. ஒவ்வொரு கட்டையையும் தனித்தனியாக அலுமினியத் தாளில் இறுகச் சுற்றிவிடுங்கள். வழியும் பிசின் அங்கேயே நிற்கும். மெதக்ரிலேட்டுப் பிசின் காற்றிலுள்ள ஆக்சிஜன் படும் இடத்தில் சரியாக இறுகாது என்பதால் தாள் அதற்கும் உதவும்.

ஓவனின் வெப்பம் 90 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கட்டும். ஓவன் அந்த வெப்பத்தைத் தொட்டதும் கடிகாரத்தைத் தொடங்கக் கூடாது. கட்டையின் நடுப்பகுதி அந்த வெப்பத்தை அடைய நேரமாகும். ஊதல் கட்டைக்கு இரண்டு மூன்று மணி நேரம் கொடுத்தால் கெடுதல் இல்லை, குறைவாகக் கொடுத்தால்தான் கெடும். இறுகிய கட்டையைக் குளிர்ந்த பிறகு நிறுத்து, ஊறிய எடையோடு ஒப்பிட்டால் எவ்வளவு வழிந்தது என்பது தெரியும். பாதிக்கு மேல் போயிருந்தால், கட்டை மிக உளுத்ததாக இருக்க வேண்டும். மீண்டும் ஒரு முறை பிசினூட்டலாம். ஒருபோதும் குடுவையில் திரவமாகப் பிசினை ஓவனில் வைக்காதீர்கள். இறுகும்போது அது தானே வெப்பத்தை வெளியிடும். பெரிய அளவானால் அந்த வெப்பம் கட்டுக்கடங்காமல் போகும்.

கேள்வி: பிசினூட்டினால் ஊதலின் ஒலி கெடாதா?

பதில்: எந்த ஊதல் என்பதைப் பொறுத்தது. வாத்து ஊதலில் ஒலியைப் பிறப்பிப்பது நாக்குத் தகடும் டோன் போர்டும். குழலின் மரம் அந்த ஒலிக்குச் சிறிது சாயல் கொடுக்கிறது. மென்மரத்தில் அது தணிந்தும் அக்ரிலிக்கில் கூர்மையாகவும் ஒலிக்கும் என்று ஊதல் செய்வோர் சொல்வார்கள். பிசினூட்டிய மரம் இடையில் நிற்கும். துளையின் அளவும் உட்பரப்பின் வழவழப்பும் அதைவிட முக்கியம்.

வான்கோழிக்கான பெட்டி ஊதல் வேறு வகை. அதில் மெல்லிய பக்கப் பலகைகளே அதிர்கின்றன. சுண்ணம் தேய்த்த மூடி அவற்றின்மேல் உரசுகிறது. அந்தப் பலகைகளுக்குப் பிசினூட்டினால் எடை கூடி அதிர்வு மங்கும்; உரசும் பரப்பும் வழுக்கும். அதற்கு வெறும் மரமே சரி. கற்பலகையோ கண்ணாடியோ பதித்த கிண்ண ஊதலின் கிண்ணத்துக்குச் சாயமேற்றிய கட்டையைத் தயங்காமல் பயன்படுத்தலாம்.

கேள்வி: வாயில் வைக்கும் பொருள், பிசினும் சாயமும் உடலுக்குத் தீங்கு செய்யாவா? வேலை செய்யும்போது என்ன காப்பு வேண்டும்?

பதில்: முழுமையாக இறுகிய பிசின் வாயில் கரையாது. இறுகாத மெதக்ரிலேட்டோ தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். ஒரு முறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு சிறிதளவு பட்டாலும் தோல் தடித்துச் சிவக்கும். எனவே கடையும்போது பிசின் வாடை வந்தாலோ, சீவல்கள் கையில் ஒட்டினாலோ, அந்தக் கட்டையை மீண்டும் ஓவனில் வைத்து இறுகச் செய்த பிறகே தொடருங்கள். வாய் படும் முனைக்குச் சூப்பர் குளூ எனப்படும் சயனோஅக்ரிலேட்டுப் பசையால் ஒரு மெல்லிய பூச்சுக் கொடுத்து நன்கு உலர விடுவது நல்ல வழக்கம். சாயம் உதட்டில் படாமலும் அது காக்கும்.

பிசினைக் கையாளும்போது நைட்ரைல் கையுறை அணியுங்கள். அதையும் பிசின் சிறிது நேரத்தில் ஊடுருவும் என்பதால், நனைந்த கையுறையை உடனே மாற்றுங்கள். பிசினுக்குப் பயன்படும் ஓவனில் உணவு சமைக்கக் கூடாது. காற்றோட்டமுள்ள இடத்தில் அது தனியே இருக்க வேண்டும். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. பிசின் கலந்த தூளையும் உளுத்த மரத்தின் பூஞ்சைத் தூளையும் சுவாசிக்க யாருக்கும் உரிமையில்லை என்றே சொல்வேன். துணிக் கவசம் போதாது. நுண்துகளைத் தடுக்கும் கவசம் வேண்டும். கலன் கண்ணாடியாக இருந்தால், வெற்றிடத்துக்கென்றே செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். சாதாரணக் கண்ணாடிச் சாடி உள்நோக்கி வெடித்தால் கண்ணைப் பறித்துவிடும்.

கேள்வி: கடைந்து மெருகிடுவதில் தனி முறை உண்டா? மீந்த சாயப் பிசினை எவ்வளவு காலம் வைத்திருக்கலாம்?

பதில்: உளி கூர்மையாக இருக்கட்டும், பிசினூட்டிய மரம் உளியின் முனையைச் சாதாரண மரத்தைவிட விரைவில் மழுக்கும். இறுதித் துளையிடும்போது அடிக்கடி துரப்பணத்தை வெளியே இழுத்துச் சீவலை நீக்குங்கள்; சூடு ஏறினால் பிசின் இளகி ஒட்டும், கட்டையும் விரியும். உப்புத்தாளில் 600 எண் வரை படிப்படியாகத் தேய்த்து, மெருகுச் சக்கரத்தில் பிடித்தால் பெரும்பாலான கட்டைகளுக்கு வேறு பூச்சே வேண்டாம். பெரிய நுண்துளைகள் திறந்திருக்கும் மரமானால் சயனோஅக்ரிலேட்டால் நிரப்பிக்கொள்ளலாம். சாயங்கள் எல்லாமே வெயிலில் காலப்போக்கில் மங்கும். செய்த ஊதலைச் சன்னலோரத்தில் காட்சிக்கு வைக்க வேண்டாம்.

சாயம் கலந்த பிசினை ஒருபோதும் தெளிந்த பிசினோடு சேர்க்காதீர்கள். நிறத்துக்கு ஒரு குடுவை என்று பெயரெழுதி, குளிர்ந்த இருண்ட இடத்தில் வையுங்கள். குடுவையை விளிம்பு வரை நிரப்பக் கூடாது. பிசின் தானாக இறுகாமல் காக்கும் தடுப்பான்கள் வேலை செய்ய அதில் கரைந்த ஆக்சிஜன் வேண்டும். அதற்கு மேலே சிறிது காற்று நிற்க வேண்டும். அதே காரணத்தால் வேலை முடிந்ததும் கலனில் வெற்றிடத்தோடு பிசினை விட்டுச் செல்லாதீர்கள். தூளும் மரச்சில்லும் சேர்ந்திருந்தால் காகித வடிகட்டியில் வடித்த பிறகு மூடுங்கள். பிசின் தடித்தோ கட்டிதட்டியோ காணப்பட்டால் அதை அடுத்த கட்டைக்குப் பயன்படுத்த வேண்டாம்.